பெயர் சொல்லாத அட்டை

சனிக்கிழமை காலை ஆறு மணி. கோமோலோ துறையில் வானொலி ஊமையாகிவிட்டது.

எங்கள் துறையில் கோழி கூவாவிட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். வானொலி பேசாவிட்டால் படகு இறங்காது. ஏரியில் காற்று எந்தப் பக்கம் திரும்பும், எப்போது சீறும் என்று அறிவிப்பாளர் சப்லோன் சொன்ன பிறகுதான் வலை எடுப்பார்கள். அன்று கரையில் நின்றவர்கள் ரேடியோவைக் குலுக்கினார்கள், தட்டினார்கள், பேட்டரியை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். தன் ரேடியோதான் கெட்டுவிட்டது என்று ஒவ்வொருவரும் பக்கத்து ஆளிடம் இரவல் கேட்க, அந்த ஆளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டூடியோவில் சப்லோன் காற்று நிலவரம், மரண அறிவிப்பு, கால்பந்துச் செய்தி எல்லாவற்றையும் உருக்கமாக வாசித்து முடித்துவிட்டு, ஒரு பாட்டையும் போட்டுவிட்டு, டீ குடிக்க வெளியே வந்தார். தான் பேசியது ஒரு காதிலும் விழவில்லை என்று டீக்கடையில்தான் அவருக்குத் தெரிந்தது. மனிதர் இடிந்து போனார்.

கோளாறு எங்கே என்பதில் சந்தேகம் இல்லை. ஸ்டூடியோவில் பேசுவது குன்றின் மேலுள்ள கோபுர அறைக்குப் போகும். அங்கே உள்ளங்கை அளவில், ஒரே பலகையில் அடங்கிய லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதன் முதுகில் தனியாக வாங்கிச் செருகிய ஒலி அட்டை. அந்த அட்டைதான் வந்ததைச் சத்தமாக்கி ஒலிபரப்புக் கருவிக்குக் கொடுக்கும். அட்டை பேசினால் ஊர் கேட்கும்.

அதையெல்லாம் அமைத்தவன் பிலமோன் ஒன்டிட்டி. நாலு தலைமுறையாக மீன் பிடித்த குடும்பம். இவன் மட்டும் படகில் தன் பங்கை விற்றுவிட்டுத் தொழில்நுட்பம் படிக்கப் போனான். திரும்பி வந்து வானொலியில் சேர்ந்த நாளிலிருந்து, கால் நனையாத பிள்ளை என்று கரையில் அவனுக்கு ஒரு கேலிப் பட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அவன் கோபுர அறைக்குப் போய் ஏதோ செய்துவிட்டு வந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். பூட்டு உடையவில்லை. ஜன்னலும் இல்லாத அறை. பிறகென்ன, தீர்ப்பு ஏழு மணிக்கே எழுதப்பட்டுவிட்டது.

நிர்வாகக் குழுத் தலைவி பெரேஸ் அம்மாள் ஓடி வந்தார். துறையில் எந்தச் சாவு விழுந்தாலும் கூடாரம், நாற்காலி, பாட்டுப்பெட்டி எல்லாம் அவருடையதுதான். பெரிய மனுஷி, நல்ல மனுஷியும் கூட. அன்று அவர் முகம் வெளிறியிருந்தது. நாலு மணிக்குக் குழு கூடும், அதுவரை அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது, குறிப்பாக ஒன்டிட்டி தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். தப்பு அவனுடையது என்றால் வேலை போகும் என்று எல்லாருக்கும் புரிந்தது. வேலை போனால் ஏறுவதற்கு அவனுக்குப் படகும் இல்லை.

அந்த நேரத்தில்தான் போலீஸ் சார்ஜென்ட் கொன்சொலாட்டா அவோர் வந்து சேர்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. காலையில் காற்று நிலவரம் கேட்டுக்கொண்டே பூட்ஸ் மாட்டுவது அவர் பழக்கம். பாதி மாட்டிய பூட்ஸோடு கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார்.

"யாரும் தொடக்கூடாதுன்னா ரொம்ப சரி. சாவியெல்லாம் எங்கிட்ட குடுங்க" என்றார்.

சாவிகள் மூன்று. ஒன்டிட்டியிடம் ஒன்று, சப்லோனிடம் ஒன்று, பெரேஸ் அம்மாளிடம் ஒன்று. முதல் இரண்டும் உடனே வந்தன. மூன்றாவது சாவி பெரேஸ் அம்மாளின் கைக்குள்ளேயே இரண்டு முறை புரண்டது. சாயங்காலம் தனக்குத் தேவைப்படுமே என்றார். தேவைப்பட்டால் தானே வந்து திறந்துவிடுவதாக அவோர் சொன்னார். சாவி வந்தது.

எட்டு மணிக்கு அவோர் கோபுர அறையைத் திறந்தார். ஒன்டிட்டி வாசலோடு நின்றுகொண்டு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். உள்ளே வந்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்.

சப்பாத்தி வைக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றுதான் கம்ப்யூட்டருக்கு வீடு. அவோர் மூடியைத் திறந்தார். கீழே பலகை, மேலே பச்சை அட்டை, நாற்பது ஊசிகளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையின் மூன்று மூலைகளில் பித்தளைத் திருகு. நான்காவது மூலையில் திருகுக்குப் பதிலாக நீல வலைநூல். கட்டின் மேல் ஒரு சின்ன வளையம், பக்கத்தில் தொங்கும் ஒரு வால். அவோர் குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நூல் யாரு கட்டினது?"

"நான்தான் மேடம். ஒரு திருகு தொலைஞ்சு போச்சு. அப்பா வலை முடியற மாதிரி முடிஞ்சு விட்டேன். அத அவுக்க முடியாது, அறுத்தாத்தான் உண்டு."

அவோர் அந்த வாலை இன்னொரு முறை பார்த்தார். மூடியை மூடினார்.

"என்னதான் ஆச்சு தம்பி?"

"ஸ்டூடியோல இருந்தே கேட்டுப் பாத்தேன் மேடம். ஒங்கிட்ட எத்தன சவுண்ட் கார்டு இருக்குன்னு கேட்டா, ஒண்ணுமே இல்லங்குது. வெளக்கு எரியுது, ஆனா தலமேல கார்டு இருக்கறதே அதுக்குத் தெரியல."

"பலகைக்குன்னு சொந்தமா ஒரு சத்தம் உண்டுல்ல? அதுல பேசலாமே."

"அத நான்தான் அணைச்சு வெச்சேன். ரெண்டும் இருந்தா எதுல பேசறதுன்னு சில நேரம் கொழம்பிடும். கார்டு வாங்கின அன்னைக்கே செஞ்சது அது."

"நேத்து சாயங்காலம் என்ன செஞ்ச?"

"கடிகாரம் பிந்தி ஓடுச்சு. அதச் சரி பண்ணினேன். வேற எதையும் தொடல." அவன் குரல் இறங்கியது. "தொடலன்னுதான் நெனைக்கிறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவோருக்கு வலித்தது. காலையிலிருந்து பத்துப் பேர் சொன்னதில், செய்யாததைச் செய்திருப்போமோ என்று பையன் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தான்.

ஒன்பது மணிக்கு அவோர் மீன் சந்தை ஓரம் இருக்கும் எல்லியின் கடைக்குப் போனார். எல்லி போன் பழுது பார்ப்பவர். பாதி நேரம் பேசுவார், மீதி நேரம் தான் பேசியதைப் பாராட்டுவார். ஆனால் கைவேலை சுத்தம். அட்டை எப்படிப் பேசுகிறது என்று அவோர் விசாரிக்க, அவர் இரண்டு பச்சை அட்டைகளை எடுத்து அருகருகே வைத்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

"வித்தியாசம் தெரியுதா மேடம்? தெரியாது. திருப்பிப் பாருங்க. இதோ, மூலைல ஒரு கடுகு சைஸ் சில்லு. இந்தக் கார்டோட பேரு, ஊரு எல்லாம் அதுல இருக்கு. கம்ப்யூட்டர் முழிச்ச ஒடனே நீ யாருன்னு கேக்கும், இது பேரச் சொல்லிடும். அப்பறம் தானா பேசும். இன்னொண்ணு மலிவு. சில்லு எடத்தக் காலியா விட்டுட்டான். கேட்டா பேரு சொல்லாது. இன்ன கார்டு மேல ஒக்காந்திருக்குன்னு செட்டிங்ல நாமளே ஒரு வரி எழுதிக் குடுக்கணும்."

"எழுதலன்னா?"

"வெளக்கு எரியும். சத்தம் வராது."

அவோர் மலிவு அட்டையைக் கையில் வைத்துத் திருப்பினார். அதில் வேறு குறை உண்டா என்று கேட்டதற்கு, மின்சாரத்தை வடிகட்டும் பாகத்திலும் கஞ்சத்தனம் செய்திருப்பதால் பின்னால் இரைச்சல் கேட்கும் என்றார் எல்லி. ஒன்டிட்டி வாங்கிவந்தது முதல் வகை, அவனே மார்தட்டிக் காட்டியதாக எல்லிக்கு ஞாபகம். மலிவு வகையை எல்லி இதே மாதிரிக் குட்டிக் கம்ப்யூட்டரில் மூன்று பேருக்கு அமைத்துக் கொடுத்திருந்தார். குன்றுக்கு அப்பாலுள்ள தேவாலயம், படகுத்துறை பார், பெரேஸ் அம்மாளின் பாட்டுப்பெட்டி. மூன்றிலும் அந்த ஒரு வரியைத் தன் கையால் எழுதியதாகச் சொல்லித் தன்னையே மெச்சிக்கொண்டார்.

"அந்த மாதிரி வரி எழுதின பெட்டில, நல்ல கார்டச் செருகினா?"

"அதுவும் பேசும். சத்தம் போடற சில்லு ரெண்டுலயும் ஒண்ணுதான. இன்னும் சுத்தமாப் பேசும்."

பதினொரு மணிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒபிங்கோவின் அடக்கம். ஊரே அங்கே இருந்தது. அவோரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒன்டிட்டி கூட்டத்துக்கு வெளியே ஒரு மாமரத்தடியில் தனியாக நின்றான். அவனோடு படித்தவர்கள்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பேச்சுகள் நீண்டன. இறந்தவரைப் பற்றி ஆரம்பித்துத் தங்களைப் பற்றி முடித்தார்கள். கடைசியில் பெரேஸ் அம்மாளின் பெட்டியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. போன வருஷம் பள்ளி விழாவில் ஒபிங்கோ பேசியதை யாரோ பதிவு செய்திருந்தார்கள். பேசுவதற்கு முன் அவர் எப்போதும் செருமும் அந்தச் சின்னச் செருமல் முதலில் வந்தது. கூடாரம் அடங்கிப்போனது. அவர் மூச்சு வாங்குவது, காகிதத்தைப் புரட்டுவது எல்லாம் கேட்டது. விதவை முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு, அந்தச் செருமலை இனிமேல் கேட்கமாட்டோம் என்று நினைத்தேனே என்றார். அவோருக்கும் கண் கலங்கியது. ஆனால் கண் கலங்கும்போதும் அவருக்குக் காது வேலை செய்யும்.

உச்சி நேரத்தில் ஏரிப்பக்கமிருந்து தூறல் வந்தது. சுருட்டி வைத்திருந்த கூடாரத்தின் பக்கத் திரையை இறக்க வேண்டும். வேலையாட்கள் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தார்கள். பெரேஸ் அம்மாளே எழுந்து வந்து, கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். திரை சரசரவென்று இறங்கியது. அடுத்த கம்பம், இன்னொரு இழுப்பு. அவோர் தட்டிலிருந்த உகாலிக் களியைப் பிசைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணி. எல்லாரும் அங்கேயே இருந்ததால் குழுவும் அதே கூடாரத்தின் ஒரு மூலையில் கூடியது. ஊரும் கலையவில்லை. இலவசமாக ஒரு விசாரணை பார்க்கக் கிடைத்தால் யார் வீட்டுக்குப் போவார்கள்? பெரேஸ் அம்மாள் தரையைப் பார்த்தபடி பேசினார். ஒன்டிட்டி நல்ல பையன்தான், ஆனால் வெள்ளிக்கிழமை எதையோ மாற்றிவிட்டான், குழு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்றார். சப்லோன், தன் உருக்கமான வாசிப்பு வீணாய்ப் போனதை நினைவுபடுத்தினார். அந்த அறையில் கை வைக்கத் தெரிந்தவன் ஊரில் இவன் ஒருவன்தானே என்று கூட்டத்திலிருந்து ஒருவர் சொல்ல, பல தலைகள் ஆடின.

"அதேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அவோர்.

அவர் கோபுர அறையிலிருந்து எடுத்துவந்திருந்த சப்பாத்தி டப்பாவை மேசைமேல் வைத்தார். எல்லியின் பேட்டரியிலும் சின்ன ஸ்பீக்கரிலும் அதை இணைத்தார்கள். ஒன்டிட்டியைக் கூப்பிட்டு, எல்லார் கண் முன்னாலும் செட்டிங்கில் ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார். மேலே மலிவு அட்டை இருந்தால் என்ன வரி எழுதுவானோ, அந்த வரி. அவன் புரியாமல் பார்த்தான். பிறகு எழுதினான். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினான். அதிலிருந்த பாட்டு ஒன்றைத் தட்டினான்.

பாட்டு வந்தது. அதற்குப் பின்னால் ஓமேனா மீன் எண்ணெயில் பொரிகிற மாதிரி ஒரு சத்தமும் வந்தது.

கூடாரத்தில் யாருக்கும் அந்தச் சத்தத்தை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு வருஷமாக எங்கள் துறையில் விழுந்த ஒவ்வொரு சாவிலும் அதைக் கேட்டிருக்கிறோம், கேலி செய்திருக்கிறோம். ஒருவர் பின் ஒருவராக எல்லாத் தலைகளும் பெரேஸ் அம்மாளின் பக்கம் திரும்பின.

அவோர் அவசரப்படவில்லை.

"இந்தக் கார்டு சாகல. இதுக்குத் தன் பேரச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். வானொலிக் கார்டு பேரு சொல்ற கார்டு. அத எடுத்துட்டு அதே மாதிரி இருக்கற இன்னொண்ண யாரோ வெச்சிட்டாங்க. யாருன்னு பாப்போம். வெவரம் தெரிஞ்சவன்தான் செஞ்சிருப்பான்னு காலைலேருந்து சொல்றீங்க. ஒன்டிட்டியோ எல்லியோ மாத்தியிருந்தா, கையோட அந்த ஒரு வரிய எழுதியிருப்பாங்க. கொஞ்சம் எரைச்சல் வருதுன்னு நாம மொனகிட்டு விட்டிருப்போம். ஒரு திருட்டு நடந்ததே தெரிஞ்சிருக்காது. வானொலி ஊமையாச்சு பாருங்க, அதுதான் சொல்லுது, மாத்தினவங்களுக்கு வெவரம் தெரியாதுன்னு."

ஒன்டிட்டி மெதுவாக நிமிர்ந்தான்.

மாற்றிய ஆள் ஏன் ஏமாந்தார் என்பதையும் அவோர் விளக்கினார். வானொலியின் அட்டையைத் தன் பெட்டியில் செருகிப் பார்த்திருக்கிறார், உடனே பேசியிருக்கிறது. அப்படியானால் தன் அட்டையும் அங்கே பேசும் என்று நினைத்துவிட்டார். தன் பெட்டியில் எல்லி எப்போதோ எழுதிவைத்த வரி இருப்பது அவருக்குத் தெரியாது. மலிவு அட்டை மூன்று இடங்களில் உண்டு. கோபுர அறையின் சாவியும் மூன்று பேரிடம் உண்டு. இரண்டு பட்டியலிலும் இருப்பது ஒரே பெயர்.

"இன்னும் ஒண்ணு" என்று அவோர் டப்பாவைத் திறந்து, நீல நூலின் வாலைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அப்படியே கழன்று வந்தது. "வலைக்காரன் மகன் இப்படி முடிய மாட்டான். இழுத்தா கழலற முடிச்சப் போட்டா மீன் எல்லாம் ஏரிக்கே திரும்பிப் போயிடும். சீக்கிரமாக் கட்டி, சீக்கிரமா அவுக்கற தொழில்காரங்க முடிச்சு இது."

அவர் இரண்டடி நடந்து கூடாரக் கம்பத்திலிருந்த கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்தார். பக்கத் திரை சரிந்து சப்லோனின் தலையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பெரேஸ் அம்மாள் மறுக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒபிங்கோ சார் சம்சாரம் எங்கிட்ட வந்து, அவர் குரலு எண்ணெச் சட்டிக்குள்ள இருந்து வரக்கூடாதுன்னாங்க. இல்லன்னா கிசுமு டவுன்லேருந்து பெட்டி வரவழைப்போம்னு பிள்ளைங்க சொல்லிட்டாங்க. நேத்து ஒலிபரப்பு முடிஞ்சதும் மாத்தி எடுத்தேன். இன்னைக்குச் சாயங்காலமே திருப்பி வெச்சிருப்பேன் சார்ஜென்ட். எரைச்சல் கொஞ்சம் வரும், ஒரு நாளு யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஊமையாப் போகும்னு தெரியாது. போனதும் பயந்துட்டேன். எல்லாரும் ஒன்டிட்டிங்கறாங்க. நான் வாய மூடிக்கிட்டேன்."

"வாய மூடலையே அக்கா" என்றார் அவோர், குரலை உயர்த்தாமல். "நீங்களும் ஒன்டிட்டின்னுதான் சொன்னீங்க."

விதவை தன் நாற்காலியிலிருந்து பெரேஸ் அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. எங்களுக்கும்தான்.

வழக்கு எழுத வேண்டுமா என்று அவோர் ஒன்டிட்டியைக் கேட்டார். அவன் அந்த நீல நூலைக் கையில் எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வழக்கு வேணாம் மேடம். காலைலேருந்து கரை முழுக்க என் பேரச் சொன்னாங்க. சாயங்காலம் ரேடியோல அவங்க ஒரு தடவ என் பேரச் சொல்லட்டும். அது போதும்."

பாட்டுப்பெட்டியிலிருந்த அட்டை வெளியே வந்தது. ஒன்டிட்டி டப்பாவோடு குன்றேறி அதை அதன் இடத்தில் பொருத்தி, தான் எழுதிய வரியை அழித்து, நான்காவது மூலையில் அப்பாவின் முடிச்சைப் போட்டான். கம்ப்யூட்டர் கேட்டது. அட்டை தன் பெயரைச் சொன்னது.

ஆறு மணிக்கு, காற்று நிலவரத்துக்கு முன்னால், பெரேஸ் அம்மாள் மைக் முன் உட்கார்ந்தார். ஓமேனாப் படகுகள் விளக்குகளோடு கரையில் தயாராக நின்றன. கூடாரத்தில் தலையாட்டியவர்கள் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி இருந்தோம்.

"பிலமோன் ஒன்டிட்டி எந்தத் தப்பும் செய்யல" என்று ஆரம்பித்தார். "செஞ்சது நான். பெரேஸ்."

நல்ல அட்டை, இரைச்சல் துளியும் இல்லை. அவர் குரல் உடைந்ததும், அழுகையை அடக்கிக்கொண்டு அவர் மூச்சிழுத்ததும் கரை முழுக்கத் தெளிவாகக் கேட்டன. பிறகு சப்லோன் காற்று தெற்கிலிருந்து மெல்ல வீசும் என்று வாசித்தார். படகுகள் இறங்கின.